மரியாதை கேட்டு வாங்குவதா, கேட்காமலே கிடைப்பதா?

2024 பிப்ரவரியில் பெங்களூரு ராஜாஜிநகர் மெட்ரோ நிலையத்துக்குத் தலையில் மூட்டையோடு ஒரு விவசாயி வந்தார். கையில் டிக்கெட் இருந்தது. மூட்டையில் துணிமணிதான். உடுப்பு அழுக்காக இருக்கிறது என்று சோதனை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். சக பயணிகள் சண்டை போட்டு உள்ளே அழைத்துப் போனார்கள். காணொளி பரவியதும் பாதுகாப்பு மேற்பார்வையாளர் ஒருவருக்கு வேலை போயிற்று.

அதே ஆண்டு ஜூலையில் மாகடி சாலையில் இருக்கும் ஒரு மாலுக்கு மகனோடு படம் பார்க்க வந்த முதியவரை, வேட்டி கட்டியிருக்கிறார் என்று வாசலில் தடுத்தார்கள். விவகாரம் சட்டமன்றம் வரை போய், அந்த மாலுக்கு ஏழு நாள் பூட்டு என்று அரசு அறிவித்தது. அதற்கு முந்தைய வருடம் நகரத்து அபார்ட்மென்ட் ஒன்றின் அறிவிப்பு பேசுபொருளானது. வீட்டு வேலைக்கு வருகிறவர்கள் வேலைக்கு நடுவே பூங்கா போன்ற பொது இடங்களில் உட்காரக் கூடாது, சுற்றிலும் அவர்களாகவே இருந்தால் குடியிருப்போருக்குச் சங்கடம் என்பது அதன் சாரம்.

மூன்றிலும் வாக்குவாதம் ஒரே தடத்தில்தான் ஓடியது. ஒரு பக்கம், “மனுஷன்னா மரியாதை குடுக்கணும்.” எதிர்ப்பக்கம், “மரியாதையை யாரும் கேட்டு வாங்க முடியாது, சம்பாதிக்கணும்.” இரண்டு வாக்கியமும் சரிதான். ஆனால் இரண்டிலும் வருகிற மரியாதை வேறு வேறு. அந்த வேறுபாடு பிடிபடாமல் இந்தச் சண்டை தீராது.

ஒரு சொல்லுக்குள் நான்கு பொருள்

‘மரியாதை’ வடமொழி ‘மர்யாதா’விலிருந்து வந்தது. அங்கே அதற்கு எல்லை, கரை, வரம்பு என்று பொருள். கடல் கரை தாண்டாமல் நிற்பது மர்யாதா. அவரவர் தமக்கு விதித்த இடத்தில் நிற்பதும் மர்யாதா. கோயில் மரியாதையில் இந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பரிவட்டம் யாருக்கு முதலில், பிரசாதம் எந்தக் குடும்பத்துக்கு அடுத்து என்று நீதிமன்றம் வரை போகிறார்கள். போகத்தான் செய்வார்கள். எல்லோருக்கும் முதல் மரியாதை என்றால் அது முதல் மரியாதையாக இருக்காதே.

ஆக, நாம் சமத்துவத்துக்குப் பயன்படுத்தும் இந்தச் சொல், பிறப்பிலேயே படிவரிசையைச் சுமந்துகொண்டு வந்த சொல். அதைப் பிரித்து வைத்தால் நான்கு பொருள் கிடைக்கின்றன.

1. மாண்பு. மனிதராக இருப்பதாலேயே உள்ள மதிப்பு. நல்லவருக்குக் கூடுவதில்லை, கெட்டவருக்குக் குறைவதில்லை. அதை யாரும் பறிக்க முடியாது, ஆனால் மிதிக்க முடியும். மிதிபட்டவருக்கு மாண்பு போய்விடுவதில்லை. இருப்பதால்தான் மிதித்தது குற்றமாகிறது. (அமைச்சர்களுக்கு முன்னால் ‘மாண்புமிகு’ போடுகிறோம். மாண்பு ஏதோ படி, மரக்கால் கணக்கில் வருவது போல.)

2. மதிப்பு. திறமை, நேர்மை, உழைப்பு பார்த்து வருவது. சம்பாதிக்க வேண்டியது இதைத்தான். ஆளுக்கு ஆள் மாறும், மாறவும் வேண்டும்.

3. கௌரவம். குடும்பம், சாதி, பதவி, சொத்து இவற்றால் ஊரார் கண்ணில் கிடைக்கும் இடம். ஒருவருக்கு ஏறினால் இன்னொருவருக்கு இறங்கும் தராசு இது.

4. சுயமரியாதை. தன் மாண்பைத் தானே ஒத்துக்கொண்டு அதற்கேற்ப நிமிர்ந்து நிற்பது. தன்னம்பிக்கை வேறு. ‘என்னால் முடியும்’ என்பது தன்னம்பிக்கை. ‘முடிந்தாலும் முடியாவிட்டாலும் என்னை இப்படி நடத்த உனக்கு உரிமை இல்லை’ என்பது சுயமரியாதை.

கன்னடத்தில் மாண்புக்கு ‘கனதெ’ என்கிறார்கள், கனம் என்ற எடைப்பொருளிலிருந்து. நாமும் ஒரு காலத்தில் ‘கனம் கோர்ட்டார் அவர்களே’ என்றோம். ஆள் எடை உள்ளவர், ஊதித் தள்ள முடியாது என்பதுதான் இரண்டு மொழியிலும் அடியில் கிடக்கும் படிமம்.

அல்சூர் ஏரிக்கரையில் நிற்பவர் சொன்னது

அல்சூர் ஏரியருகே திருவள்ளுவர் சிலை 1991-இல் வந்தது. மொழிப் பிணக்கால் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. பெங்களூருத் தமிழர் விழா என்றால் பேனரில் அவருடைய ஒரு வரி கட்டாயம் இருக்கும்: ‘பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்’. அங்கேயே நிறுத்திவிடுவார்கள். குறளின் மறுபாதி பேனருக்கு வருவதில்லை.

*பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும் சிறப்பொவ்வா*
*செய்தொழில் வேற்றுமை யான்.* (972)

பிறப்பு ஒக்கும், சிறப்பு ஒவ்வாது. முதல் பாதி மாண்பு, இரண்டாம் பாதி மதிப்பு. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி, ஒன்றை மற்றதன் தலையில் கட்டாமல் விட்டிருப்பதுதான் இதன் நுட்பம்.

‘செய்தொழில்’ என்பதை எப்படிப் படிப்பது என்பதில் பழைய வழக்கு ஒன்று உண்டு. இன்றைய பொருளில் ‘வேலை’ என்று படித்தால் துப்புரவு செய்பவர் தாழ்வு, கணக்கு எழுதுபவர் உயர்வு என்று ஆகிவிடும். முதல் பாதியை இரண்டாம் பாதி தின்றுவிடும். செய்கிற செயலின் தரம் என்று படித்தால் குறள் நேராக நிற்கிறது. அடுத்த குறள் (973) இந்தப் பக்கம்தான் சாய்கிறது: மேலே உட்கார்ந்திருந்தாலும் மேன்மை இல்லாதவர் மேலானவர் இல்லை, கீழே இருந்தாலும் கீழ்மை இல்லாதவர் கீழானவர் இல்லை. நான் இந்தப் பக்கம்.

இதே பிரிவினையை அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டீபன் டார்வால் 1977-இல் தனியாக வகுத்தார். ஒன்று, எதிரில் இருப்பது ஒரு மனிதர் என்பதைக் கணக்கில் எடுத்து, அதற்கேற்ப நம் நடத்தையை அடக்கிக்கொள்வது. மற்றது, ஒருவரின் குணத்தையோ திறனையோ மெச்சுவது. முதலாவதை மறுக்க எந்தக் காரணமும் செல்லாது. இரண்டாவதைத் தராமல் இருக்க ஆயிரம் காரணம் இருக்கலாம்.

சமையலறையில் வைத்துப் பார்த்தால் இது சட்டென்று விளங்கும். சமைக்க வருகிற அம்மா வைத்த சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. “இன்னைக்கு உப்பு கூடிப்போச்சு” என்று சொல்லலாம். தினமும் கூடினால் வேறு ஆள் பார்க்கலாம். அதெல்லாம் மதிப்புக் கணக்கு. ஐம்பது வயதுக்காரரை “ஏய், இங்க வா” என்பதும், நாற்காலி காலியாக இருக்கும்போது தரையில் உட்காரச் சொல்வதும் சாம்பாரைப் பற்றிய கருத்து இல்லை. சாம்பார் அமிர்தமாக இருந்தாலும் அவர் தரையில்தான் உட்கார்ந்திருப்பார்.

மெட்ரோவில் “சம்பாதிக்கணும்” என்று வாதாடியவர்கள் தவறியது இங்கேதான். அந்த விவசாயி யாருடைய பாராட்டையும் கேட்கவில்லை. டிக்கெட் வாங்கிய மனிதர் ரயிலில் ஏறக் கேட்டார்.

விலை உள்ளதும் விலை இல்லாததும்

மாண்பு என்ற கருத்து சமத்துவமாகப் பிறந்ததில்லை. லத்தீனில் ‘டிக்னிடாஸ்’ என்றால் ரோமானியப் பெருமகனின் பதவி, அந்தஸ்து. அடிமைக்கு அது கிடையாது. நம் மர்யாதா போலத்தான்.

அந்தச் சொல்லைப் படிவரிசையிலிருந்து பெயர்த்தெடுத்ததில் பெரிய பங்கு ஜெர்மானியரான இம்மானுவேல் காண்டுக்கு உண்டு. அவர் 1785-இல் வைத்த வாதம் எளியது. ஒரு பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்க முடிந்தால் அதற்கு விலை இருக்கிறது. ஈடே இல்லாததற்கு இருப்பது மாண்பு. மிக்ஸி கெட்டால் வேறு மிக்ஸி வாங்கலாம். மிக்ஸியைக் கழுவும் பெண் அப்படி மாற்றிவைக்கத் தக்க பொருள் இல்லை, அவர் வேலைக்குச் சந்தையில் ஒரு கூலி இருந்தபோதிலும். வேலைக்கு விலை, ஆளுக்கு மாண்பு.

மனிதரைக் கருவியாகப் பயன்படுத்தவே கூடாது என்று காண்ட் சொன்னதாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் சொன்னது *வெறும்* கருவியாக மட்டும் நடத்தாதே என்பது. ஆட்டோக்காரர் நமக்கு ஊர்தி, நாம் அவருக்குக் கட்டணம், இதில் தப்பில்லை. அவருக்கும் போய்ச்சேர ஒரு வீடும் நேரமும் உண்டு என்பதை மறக்கும் இடத்தில் தப்பு தொடங்குகிறது.

காண்ட் வேறு எழுத்துகளில் இனங்களைத் தரம் பிரித்து இழிவாகவும் எழுதினார். இது அவர் கருத்தைச் செல்லாததாக்கிவிடுமா? என் பார்வையில் இல்லை. கருத்தை வைத்தே அதைச் சொன்னவரைக் குற்றம் சாட்ட முடிகிறதென்றால் கருத்து அவரைவிடப் பெரியது என்றுதான் பொருள். காண்டின் வாதத்தில் உண்மையான ஓட்டை வேறிடத்தில் இருக்கிறது. மாண்புக்கு அவர் தரும் காரணம் பகுத்தறியும் ஆற்றல். அப்படியானால் கைக்குழந்தைக்கும், நினைவு தப்பிய முதியவருக்கும்? இதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட விடை இன்றுவரை இல்லை.

நியூசிலாந்தில் பிறந்த சட்ட மெய்யியலாளர் ஜெரெமி வால்ட்ரன் இன்னொரு பாதை காட்டுகிறார். பதவியை ஒழித்ததால் சமத்துவம் வரவில்லை; ஒரு காலத்தில் பிரபுக்களுக்கு மட்டும் இருந்த உயர்பதவியை எல்லோருக்கும் ஏற்றிவிட்டதால் வந்தது என்கிறார். தமிழில் யோசித்தால் இது உடனே பிடிபடும். நம்மிடம் ‘நீ’, ‘நீங்கள்’ இரண்டும் உண்டு. சமத்துவம் என்றால் எல்லோரையும் ‘நீ’ என்பதா, எல்லோரையும் ‘நீங்கள்’ என்பதா? மேடையில் அறிமுகமில்லாத எவரையும் ‘நீங்கள்’ என்கிறோமே, அதுதான் வால்ட்ரன் சொல்லும் ஏற்றம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கருத்து சட்டமொழியானது. 1948 மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் பிரிவு ஆங்கில வரைவில் ‘எல்லா ஆண்களும்’ என்று படிக்கக்கூடியபடி தொடங்கியது. அதை ‘மனிதர் அனைவரும்’ என்று மாற்ற வைத்தவர் இந்தியப் பிரதிநிதி ஹன்சா மேத்தா.

நம் அரசியலமைப்பின் முகப்புரையில் ஒரு விவரம் கவனிக்கத் தக்கது. 1946-இல் நேரு முன்மொழிந்த குறிக்கோள் தீர்மானத்தில் சகோதரத்துவம் என்ற சொல் இல்லை. அம்பேத்கர் தலைமையிலான வரைவுக்குழு அதைச் சேர்த்தது. சேர்த்ததோடு, தனிமனித மாண்பை உறுதிசெய்யும் வேலையையும் அதனிடமே ஒப்படைத்தது. மாண்பை நீதியோடோ சுதந்திரத்தோடோ கட்டியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரரோடு கட்டினார்கள். காவல்துறையோ நீதிமன்றமோ எட்டிப்பார்க்க முடியாத லிஃப்டுக்குள்ளும் சமையலறைக்குள்ளும் மாண்பைக் காப்பது வேறு யார்?

மானம்: ஒரு குவளைத் தண்ணீர்

தமிழில் இந்தப் பேச்சு வந்தால் ‘மானம்’ நுழையாமல் இருக்காது. சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழனிடம் தோற்றுச் சிறையில் கிடந்தான். தாகத்துக்குத் தண்ணீர் கேட்டான். காவலர்கள் உடனே தரவில்லை, தாமதித்துக் கொடுத்தார்கள். கையில் வாங்கிய நீரைக் குடிக்காமல் பாடிவிட்டு உயிர்விட்டான் என்கிறது புறநானூறு 74-இன் அடிக்குறிப்பு. மயிர் நீங்கினால் வாழாத கவரிமா போல, மானம் போகும் நிலை வந்தால் உயிரை விடுவர் என்கிறது குறள் (969).

கம்பீரம்தான். ஆனால் இது அரசனின் மானம். குடிப்பிறப்பும் வீரமும் சேர்ந்து கட்டிய கௌரவம். இதைச் சாதாரணக் குடும்பத்துக்குள் இறக்கினால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். ‘குடும்ப மானம்’ என்று சொல்லிப் பெண்ணின் காதலுக்கு அரிவாள் எடுப்பார்கள். அந்தக் கொலைகளை முதலில் நாம் ‘கௌரவக் கொலை’ என்றே எழுதினோம். கொலைகாரன் தன் செயலுக்கு வைத்துக்கொண்ட பெயரை நாமும் வழிமொழிந்தது போல இருந்தது. பிறகுதான் ‘ஆணவக் கொலை’ என்ற சொல் பரவியது. இன்று செய்தித்தாளிலும் மேடையிலும் அதுவே வழக்கு. ஒரு பக்கம் சாதியின் கௌரவம், மறுபக்கம் இரண்டு இளைஞர்களின் மாண்பு. இரண்டும் மோதும்போது எது உண்மையான மதிப்பு, எது வெறும் ஆணவம் என்று ஒரு மொழியே முடிவெடுத்த அபூர்வத் தருணம் அது.

சுயமரியாதை மனசுக்குள் மட்டுமா இருக்கிறது?

1925-இல் தொடங்கிய இயக்கத்துக்குப் பெரியார் எடுத்துக்கொண்ட சொல் சுயமரியாதை. அடுத்தவர் வாசலில் நின்று வாங்கும் பொருளாக இருந்த மரியாதையின் முன்னால் ‘சுய’ என்று சேர்த்ததும், கொடுக்கிறவர் இல்லாமலே அது நிற்கத் தொடங்கிவிட்டது. பரிவட்டத்துக்கு ஆள் வேண்டும், சுயமரியாதைக்கு வேண்டாம்.

ஆனால் ‘மனசைத் திடமாக வைத்துக்கொள்’ என்ற உபதேசத்தோடு இயக்கம் நிற்கவில்லை. 1929-இல் செங்கற்பட்டில் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் தலைமையில் நடந்த முதல் மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாதிப் பட்டத்தை விட்டுவிடச் சொன்னது. (சென்னை பாண்டி பஜார் இவர் பெயரில் வந்ததுதான்.) புரோகிதர் இல்லாத திருமணங்கள் நடந்தன, 1967-இல் அண்ணா அரசு இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தி அவற்றுக்குச் சட்ட ஏற்பு தந்தது. பெயர், திருமணம், அழைக்கும் விதம், உட்காரும் இடம் என்று வெளியே இருப்பதை மாற்றினால்தான் உள்ளே இருப்பது நிமிரும் என்பது இதன் அடிப்படை. கோலார் தங்கவயலின் மாரிகுப்பத்தில் அயோத்திதாசரின் பௌத்த சங்கக் கிளை அமைத்த தமிழ்ச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு இது அதற்கும் முன்பே தெரிந்திருந்தது. பெங்களூருக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டர் தொலைவில் நடந்த அந்தக் கதையை நகரத்துத் தமிழ்ச் சங்கமேடைகளில் அதிகம் கேட்க முடிவதில்லை.

1927-இல் மகாராஷ்டிரத்தின் மகாடில் அம்பேத்கர் ஊர்க்குளத்துத் தண்ணீரைக் குடிக்க மக்களை அழைத்துப் போனதும் இதே வகை. அந்தத் தண்ணீர் இல்லாமல் யாரும் சாகப் போவதில்லை, நாமும் மனிதர்கள் என்று நிறுவத்தான் போகிறோம் என்றார். கணைக்கால் இரும்பொறையின் குவளையோடு இதை வைத்துப் பார்க்கலாம். அரசன் தன் தகுதிக்குக் குறைவாகக் கிடைத்த தண்ணீரை மறுத்தான். மகாடில் எல்லோருக்கும் பொதுவான தண்ணீரை எடுத்துக் குடித்தார்கள். மறுப்பதில் இருந்த மானம், உரிமையாக எடுத்துக்கொள்வதில் வந்து நின்றது.

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் இதையே கோட்பாடாக்கினார். ஒரு சமூகம் பகிர்ந்தளிக்க வேண்டியவற்றில் மிக முக்கியமானது ஒருவேளை சுயமரியாதைக்கான சமூக அடிப்படைதான். அது இல்லாவிட்டால் எதைச் செய்யவும் மனம் வராது என்றார். சுயமரியாதையை அரசு பொட்டலம் கட்டித் தர முடியாது. அது முளைக்கும் மண்ணைத் தரலாம், கெடுக்கவும் செய்யலாம்.

கடினமான கேள்வி ஒன்று மீதம் இருக்கிறது. அபார்ட்மென்டில் சாமானுக்கும் வேலையாட்களுக்கும் என்று ஒதுக்கிய சர்வீஸ் லிஃப்டில் ஏறும், வீட்டு வேலைக்கு வருகிற அம்மாவிடம் கேட்டால், “எனக்கு இதே போதும்பா, பழகிப்போச்சு” என்கிறார். அவருக்கே வருத்தம் இல்லையென்றால் நமக்கென்ன? தாமஸ் ஹில் என்ற மெய்யியலாளர் 1973-இல் இதை எடுத்துப் பேசினார். தனக்குள்ள உரிமை தெரியாமலோ, அதைப் பெரிதாக நினைக்காமலோ அடங்கிப்போவது ஒருவகை. தெரிந்தே, பிழைப்புக்காக வாயை மூடிக்கொள்வது வேறுவகை. இரண்டாவதை அடிமைத்தனம் என்பது அநியாயம். அந்த அம்மா எந்த வகை என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல நமக்குத் தகுதி இல்லை. விதியை எழுதிய குடியிருப்போர் அசோசியேஷனை விசாரிக்கத் தகுதி உண்டு.

கேட்டிலிருந்து சமையலறை வரை

சர்ஜாபுரா சாலைப் பக்கம் காலை ஆறரைக்கு எந்தப் பெரிய அபார்ட்மென்டின் பின்கேட்டிலும் இந்தக் காட்சி உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய பெண்கள், ஆந்திராவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்தவர்கள், வரிசையில். செக்யூரிட்டியின் கையிலிருக்கும் போனில் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் கேட் திறக்கும். மேலே பதினோராம் மாடியில் மேடத்தின் போனில் ‘வந்துவிட்டார்’ என்று மணி அடிக்கும். சில செயலிகளில் அவருக்கு நட்சத்திர மதிப்பெண் போடலாம். வேலை கொடுத்த வீட்டாருக்கு அவர் மதிப்பெண் போட இடம் கிடையாது.

சமையலறை ஜன்னல் விளிம்பில் ஒரு சில்வர் டம்ளர் கவிழ்த்து வைத்திருக்கும். வீட்டில் மற்ற டம்ளரெல்லாம் அலமாரியில். அதை மட்டும் அவரே கழுவி, அவரே கவிழ்த்து, அவரே எடுத்துக் குடிப்பார். ஊரில் இரட்டைக் குவளையை எதிர்த்த குடும்பத்தில் வந்தவர்கள் வீட்டிலும் அந்த டம்ளரைப் பார்க்க முடிகிறது. யாரும் ஒரு வார்த்தை கடிந்து பேசியிருக்க மாட்டார்கள். “அக்கா, டீ குடிச்சிட்டு வேலையப் பாருங்க” என்று பாசமாகவே சொல்வார்கள். ஆறு வயதுக் குழந்தையை அவர் “பாப்பா, சாப்பிட வாங்க” என்பார். குழந்தை அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

இஸ்ரேலிய மெய்யியலாளர் அவிஷாய் மார்கலிட் 1996-இல் முன்வைத்த கருத்து இங்கே உதவும். கண்ணியமான சமூகம் என்பது அதன் அமைப்புகள் மனிதரை அவமானப்படுத்தாத சமூகம் என்றார். கெட்ட வார்த்தை பேசும் ஆள் ஒருவர்கூட இல்லாத கட்டடத்திலும் அவமானம் நடக்கலாம். விதியே அதைச் செய்துவிடும்.

பாதுகாப்பு, சுகாதாரம் என்ற எதிர்வாதங்களில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. சிமென்ட் மூட்டையை எல்லோரும் போகும் லிஃப்டில் ஏற்றினால் தொல்லைதான். அதனால் எந்த விதியையும் மூன்று கேள்வியில் உரசிப் பார்க்கலாம்:

1. விதி *சுமையைப்* பார்க்கிறதா, *ஆளைப்* பார்க்கிறதா? ‘சாமான் ஏற்ற சர்வீஸ் லிஃப்ட்’ என்றால் பிளாட் சொந்தக்காரர் பீரோ ஏற்றினாலும் அங்கேதான் போக வேண்டும். ‘வேலைக்காரர்களுக்கு சர்வீஸ் லிஃப்ட்’ என்றால், வெறுங்கையோடு வரும் பெண் தன் உடம்பையே சாமானாக ஏற்றிக்கொண்டு போகிறார்.
2. சோதனை எல்லோருக்குமா? வெளியே போகும்போது வேலைக்கு வந்தவரின் பையை மட்டும் திறந்து பார்ப்பது, திருட்டு நடக்கும் முன்பே தீர்ப்பு எழுதுவது.
3. விதியின் காரணத்தை அவர் முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? பூங்கா அறிவிப்பு விழுந்தது இந்தக் கேள்வியில்தான். ‘உங்களைப் பார்த்தால் எங்களுக்குச் சங்கடம்’ என்பதை யாரும் ஒருவர் எதிரில் நின்று சொல்வதில்லை. நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள்.

சட்டம் எதைப் பார்க்கிறது

1. அரசியலமைப்பின் பிரிவு 15(2) கடை, உணவகம், பொழுதுபோக்கு இடங்களில் மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் காரணமாக மட்டும் யாரையும் தடுக்கக் கூடாது என்கிறது. உடையும் வறுமையும் அந்தப் பட்டியலில் இல்லை. வேட்டிக்காரரைத் தடுத்ததை அரசியலமைப்பு மன்னிக்கிறது என்று இதற்குப் பொருள் இல்லை, ஆனால் நேரடியாகக் கை வைக்க ஒரு வரி இல்லை. அந்த மாலுக்குப் பூட்டுப் போட சொத்துவரி பாக்கியும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது.

2. தமிழ்நாட்டுச் சட்டத்தில் அப்படி ஒரு வாசகம் உண்டு. 2014 ஜூலையில் சென்னை கிரிக்கெட் கிளப் ஒன்றில் வேட்டி கட்டிய உயர்நீதிமன்ற நீதிபதி தடுக்கப்பட்டார். சில வாரங்களிலேயே சட்டம் வந்துவிட்டது: வேட்டியைக் காரணம் காட்டித் தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம். தடுக்கப்பட்டவர் நீதிபதியாக இருந்ததால் வந்த வேகம் அது என்று சொன்னால் தப்பில்லை. ஓசூர் தாண்டி அத்திப்பள்ளிக்குள் நுழைந்ததும் அந்தச் சட்டம் செல்லாது.

3. பிரிவு 21 தரும் வாழ்வுரிமை மாண்போடு வாழும் உரிமை என்று 1981-இல் பிரான்சிஸ் கோரலி முல்லின் வழக்கில் உச்சநீதிமன்றம் விரித்துச் சொன்னது. உணவு, உடை, உறைவிடத்தோடு, சக மனிதர்களோடு கலந்து பழகுவதையும் அந்தப் பட்டியலில் வைத்தது. பூங்கா பெஞ்சுக்கு இதைவிடப் பொருத்தமான வாசகம் கிடைக்காது. ஆனால் பிரிவு 21 முதன்மையாக அரசைக் கட்டுவது. அபார்ட்மென்ட் அசோசியேஷன் அரசு இல்லை. 2017-இல் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்க உரிமையை மாண்பின் மேல் நிறுத்திய வழக்கைத் தொடுத்தவர் பெங்களூருவில் வாழ்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி என்பது இந்த ஊருக்கு ஒரு பெருமை.

4. பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வேண்டுமென்றே இழிவுபடுத்துவதைக் குற்றமாக்குகிறது, ஆனால் அது ‘பொதுப் பார்வையில்’ நடந்திருக்க வேண்டும். வெளியார் யாரும் இல்லாமல் வீட்டின் நான்கு சுவருக்குள் நடந்ததை அப்படிக் கருத முடியாது என்று 2020-இல் உச்சநீதிமன்றம் சொன்னது. கவிழ்த்த டம்ளர் இருப்பது நான்கு சுவருக்குள்.

5. வீட்டுப் பணியாளருக்குக் கண்ணியமான வேலைச் சூழல் கோரும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189-ஆம் உடன்படிக்கை 2011-இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதிசெய்யவில்லை.

வாசலில் நிற்கிறவர்

இந்தச் செய்திகளில் தண்டனை பெரும்பாலும் வாசலோடு நின்றுவிடுகிறது. மெட்ரோவில் வேலை போனது மேற்பார்வையாளருக்கு. யாரை உள்ளே விட்டால் திட்டு விழும், யாரைத் தடுத்தால் விழாது என்பதை ஒரு செக்யூரிட்டி முதல் வாரத்திலேயே கற்றுக்கொண்டுவிடுகிறார். கோட்டு போட்டவரிடம் அடையாள அட்டை கேட்டால் “நான் யார் தெரியுமா?” என்ற அதட்டல் வரும். மூட்டைக்காரரைத் தடுத்தால் ஒரு குரலும் எழாது, காணொளி எடுக்க யாராவது இருந்தாலொழிய. அவர் கண்ணுக்கு அந்தப் பார்வையைப் பழக்கியவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

பன்னிரண்டு மணி நேர ஷிஃப்டில் பல கேட்களில் அவருக்கு உட்கார ஒரு நாற்காலிகூட இல்லை. போட்டால் தூங்கிவிடுவார் என்பார்கள். துணிக்கடைகளில் நாள் முழுக்க நின்றே வேலை பார்த்த பெண்கள் கேட்டதும் உட்காரும் உரிமையைத்தான். கேரளம் 2018-இலும் தமிழ்நாடு 2021-இலும் கடைகள், நிறுவனங்களில் பணியாளர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தின. அபார்ட்மென்ட் கேட்டில் ஒரு நாற்காலி போட அந்தச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அசோசியேஷனின் மாதக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டால் போதும். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.